இடம் மாறிய பதினாறு பக்கம்

அன்று புத்தக பைண்டிங் பட்டறையில் இருந்தவர்கள் நான்கு பேர்: அப்பா, அவருடைய அண்ணனான பெரியப்பா, நூலகர், வீட்டார் சின்னு என்று கூப்பிடும், அப்பாவின் பத்து வயது மகள். வேறு யாரும் இல்லை.

நூலகர் கையில், பைண்டிங் செய்து கொடுத்த ஆங்கில அகராதி. உள்ளே பதினாறு பக்கங்கள் இடம் மாறியிருந்தன. ஐம்பது ஆண்டுகளில் அந்தப் பட்டறைக்கு எந்தப் புத்தகமும் திரும்பி வந்ததில்லை. அப்பாவின் முகம் சிறுத்துப்போனது.

“கண்ணு தெரியலைன்னா ஊசியை வெச்சிடுங்க அண்ணா,” என்றார், வெளியாள் முன்னாலேயே.

பெரியப்பா ஊசியை மேசைமேல் வைத்துவிட்டு மாடிக்குப் போனார். மதியம் சாப்பிட வரவில்லை. பெட்டியில் துணி அடுக்குகிறார் என்றாள் அம்மா.

சின்னு சோற்றைத் தொடாமல் எழுந்தாள். தவறு அவளுடையது. தினமும் பேசும் ஆங்கிலச் சொல் ஒன்று எங்கிருந்து வந்தது என்று எழுதிவரச் சொல்லியிருந்தார் டீச்சர். அவள் ‘சாரி’யை எடுத்துக்கொண்டாள். வகுப்பில் பென்சிலைக் கடித்தாலும் சாரி, தொலைத்தாலும் சாரி. பெரியப்பா வரிசை பார்த்து அடுக்கி வைத்திருந்த அகராதியிலிருந்து அந்தச் சொல் இருந்த பக்கங்களை உருவிப் படித்தாள். திரும்பச் செருகும்போது இடம் தப்பிவிட்டது. பார்த்து முடித்த கட்டுதானே என்று அவர் தைத்துவிட்டார்.

அப்பாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். பெரியப்பாவிடம் நீங்களும் ஒரு சாரி சொல்லலாமே என்றதற்கு, நம் வீட்டில் யாரும் யாரிடமும் அதைச் சொன்னதில்லை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சின்னு தனியாக மாடியேறினாள். நடந்ததைச் சொல்லி, சாரி என்றாள்.

“பஸ்ல காலை மிதிச்சவனும் அதைத்தான் சொல்றான்,” என்றார் பெரியப்பா, பெட்டியிலிருந்து தலை தூக்காமல்.

“அது இப்பத்தான் அப்படி ஆயிடுச்சு பெரியப்பா. பழைய காலத்துல, வலியோட இருக்கிறவங்களைச் சொல்ற வார்த்தையாம். மன்னிச்சுடுங்கன்னு நான் கேக்கல. எனக்கு வலிக்குதுன்னு சொல்றேன். அவ்வளவுதான்.”

பெரியப்பா மடித்த சட்டையை உதறினார். மறுபடி மடித்தார். கதவருகே யாரோ செருமினார்கள். அப்பா நின்றிருந்தார்.

“எனக்கும்தான் அண்ணா.”

பெரியப்பா பெட்டியை மூடினார். பிறகு பெரியப்பா, அந்த அகராதியின் தையலைப் பிரிக்க வேண்டும், கத்தி எங்கே என்று கேட்டார்.

அன்று தம்பி அண்ணன் காலில் விழுந்து அழுததாகத் தெருவில் சொல்கிறார்கள். விழவும் இல்லை, அழவும் இல்லை. நிமிர்ந்து நின்றுதான் சொன்னார்.