இடப்பக்கச் சுற்று

வெளியே மண்டையைப் பிளக்கும் வெயில். எலி அறைக்குள் கும்மிருட்டு. எலிகளுக்கு ராத்திரியில்தான் சுறுசுறுப்பு, ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கோ ராத்திரியில் வீட்டுக்குப் போக வேண்டும். அதனால் எலிகளின் இரவைப் பகலுக்கு மாற்றி, எலிக் கண்ணுக்குத் தெரியாத ஒரே ஒரு சிவப்பு விளக்கை விட்டுவைத்திருந்தார்கள்.

ஆராய்ச்சியாளன் கதவைத் திறந்ததும் மரத்தூளும் மூத்திர நெடியும் மூக்கில் அறைந்தன. அறைந்திருக்கக் கூடாது. போன வாரமே எலிகளைக் கொன்று மூளையைச் சீவிப் பார்த்தாயிற்று. கூண்டுகளைக் கழுவிக் கவிழ்த்தாயிற்று.

கைகால் நடுங்கும் பார்க்கின்சன் நோய்க்கு, அதாவது நடுக்குவாதத்துக்கு, மருந்து தேடும் ஆராய்ச்சி. மூளையின் ஒரு பாதியைக் கெடுத்தால் எலி ஒரே பக்கமாகச் சுற்றும். இவர்கள் மருந்தை ஏற்றியதும் சுற்று நின்றது. அடுத்து மனிதர்கள். முதல் ஆளாகப் படுத்தவள் அவனுடைய அக்கா, சிபாரிசு செய்தவன் அவனே. மூளைக்குள் ஏற்றிய மருந்தைத் திரும்ப எடுக்க வழியில்லை. எடுப்பானேன்? நேற்றுகூட கை நடுங்காமல் ஊசியில் நூல் கோத்தாளே!

கூண்டு கழுவும் அம்மா வாசலோடு நின்றுகொண்டார்.

"உள்ள வர மாட்டேன் தம்பி. காலைலேர்ந்து ஓடுற சத்தம்."

"காலிக் கூண்டும்மா."

"அத அதுங்ககிட்ட சொல்லுங்க."

கரக். கரக்.

நகம் பிறாண்டும் சத்தம்.

ஃபோன் அதிர்ந்தது. அக்கா வீட்டுக்காரர். கிசுகிசுத்தார்.

"மாப்ள, உங்கக்கா கூடத்துல சுத்திக்கிட்டே இருக்கா. இடது பக்கமாவே."

"பிடிச்சு உக்கார வைங்க மாமா!"

"பிடிச்சா கடிக்க வர்றாடா."

பிறாண்டல் நின்றது.

"நின்னுட்டா," என்றார் மாமா.

பிறாண்டல் தொடங்கியது.

"ஐயோ, மறுபடியும்..."

அவன் கூண்டுகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தினான். காலி. காலி. சத்தம் அடுத்த கூண்டுக்குத் தாவியது. செத்த எலியை இன்னொரு தடவை எப்படிக் கொல்வது? எலிகளைக் கொல்ல அனுமதி தரும் நெறிமுறைக் குழுவிடம் அதற்கு விண்ணப்பம்கூடக் கிடையாது.

கடைசிக் கூண்டின் முன் மண்டியிட்டான். எலியிடம் கெஞ்சுகிறோமே என்ற வெட்கம்கூட வரவில்லை.

"அவள விட்டுடுங்க. செஞ்சது நான்."

பிறாண்டல் அடங்கியது.

"மூலைல போய்ச் சுருண்டுட்டா மாப்ள," என்றார் மாமா.

"மூச்சு வருதா?"

"வருது. ஆனா... தலைல ஒரு பக்கம் முடியே இல்லடா. காலைல இருந்துச்சே!"

அவன் கூண்டை நிமிர்த்தினான்.

உள்ளே ஒரு கூடு. பஞ்சில் கட்டியதல்ல. நீள நீளமான முடி, அக்கா தேய்க்கும் எண்ணெயின் வாசனையோடு.

தொட்டான்.

சூடாக இருந்தது.