ஏழு பேர் கட்டிப்பிடிக்கும் மரம்

ஆறு பேரிலேயே வட்டம் சேர்ந்துவிட்டது.

வழிகாட்டிக்கு அது உடனே உறைக்கவில்லை. பூக்காலத்து ஞாயிற்றுக்கிழமை, தாவரவியல் பூங்காவில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். காலையிலிருந்து 'இது என்ன பூ, பறிக்கலாமா' என்ற கேள்விக்கு நூறு தடவை பதில் சொல்லித் தொண்டை கட்டிக்கொண்டிருந்தது. பாவோபாப் எனப்படும் பெருக்க மரத்தின் அடியில், முந்தைய நாள் அந்தியில் மலர்ந்த பெரிய வெள்ளைப் பூக்கள் பழுப்பேறி விழுந்து, ஈரத்துணியை நாள்கணக்கில் மூடிவைத்த மாதிரி ஒரு புளித்த வாடையைக் கிளப்பிக்கொண்டிருந்தன. குழந்தைகளுக்கான விளையாட்டு அந்த மரத்தை வைத்துத்தான். கைகோத்து அதைச் சுற்றிக் கட்டிப்பிடிக்க எத்தனை பேர் வேண்டும்? ஏழு பேர் என்று பலகையிலேயே எழுதியிருக்கும். வட்டம் சேர்ந்ததும் 'சேர்ந்தாச்சு' என்று கத்த வேண்டும். அவள் 'விடலாம்' என்று சொல்லும்வரை யாரும் கையை விடக் கூடாது.

அவள் எண்ணி நிறுத்தியது ஆறு பேரை. ஏழாவதாக ஒரு குழந்தையைக் கூட்டத்தில் தேடித் திரும்பியபோதே முதுகுக்குப் பின்னால் சத்தம் வந்தது.

"சேர்ந்தாச்சு!"

அந்தப் பக்கம் நிற்பவரை இந்தப் பக்கம் இருந்து பார்க்க முடியாத அளவுக்குப் பருத்த மரம். அவள் சுற்றிப் போவதற்குள் குழந்தைகள் கையை உதறிவிட்டு ஓடிவந்துவிட்டார்கள். எண்ணினாள். ஆறு தலைதான்.

"அந்தப் பக்கம் யாரு கையைப் பிடிச்சிருந்தே?" என்று கண்ணாடி போட்ட பையனைக் கேட்டாள்.

"ஒரு அக்கா. கை சில்லுன்னு இருந்துச்சு."

தன் மகள்தான் இடையில் புகுந்திருப்பாள் என்று நினைத்தாள். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் ஞாயிறுதோறும் சிட்டுவும் கூடவே வருவாள். ஆனால் ஏழு வயதுச் சிட்டு எதிர் பெஞ்சில்தான் இருந்தாள். காலையில் பென்சில் சீவும்போது வெட்டிக்கொண்ட கட்டைவிரலின் பிளாஸ்திரியை நெருடியபடி.

"நீ 'விடலாம்'னு சொல்லவே இல்லம்மா. அவங்களாவே விட்டுட்டாங்க. அழுகுணி ஆட்டம்."

"சரிங்க, நீதிபதி அம்மா."

"சிரிக்காத. சொல்லாம ஆட்டம் முடியாது."

விளையாட்டில் விதி மீறினால் சிட்டுவுக்குச் சோறு இறங்காது. அது தாய்க்கு எப்போதும் வேடிக்கைதான்.

மூன்று மணிக்கு வானம் இருட்டிக்கொண்டு வந்தது. அடுத்த குழுவில் நான்கே பேர். இன்னும் மூன்று பேர் வரட்டும் என்று அவர்களை மரத்தோடு நிறுத்திவைத்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். கடைசியில் நின்ற சிறுமியின் கை மரத்தின் வளைவில் மறைந்திருந்தது. சிறுமியின் தோள் லேசாக ஆடியது, யாரோ கையைப் பிடித்துக் குலுக்குவது போல.

"சேர்ந்தாச்சு!"

அதே நேரம் இடி இடிக்க, குழந்தைகள் பெற்றோரிடம் ஓடினார்கள். அவள் மரத்தின் பின்பக்கம் போனாள். யாருமில்லை. உதிர்ந்த பூக்கள் மட்டும் மூன்று இடங்களில், சின்னப் பாத அளவுக்கு நசுங்கிக் கிடந்தன.

பூங்காக் கண்காணிப்பாளரிடம் போய்ச் சொன்னாள். அவர் பலகையைத்தான் யோசித்தார்.

"இந்தக் காலத்துப் பசங்க வளர்த்தி ஜாஸ்திம்மா. ஏழுங்கிறதை அழிச்சுட்டு அஞ்சுன்னு எழுதிடலாம்."

"இன்னைக்கு ஆட்டம் வேண்டாம் சார். கயிறு கட்டிடறேன்."

கயிற்றுச் சுருளை எடுத்துக்கொண்டு வந்தபோது தூறல் விழ ஆரம்பித்திருந்தது. கூட்டம் கண்ணாடி வீட்டுக்குள் ஒதுங்கிவிட்டது. இலைகளின் மேல் தண்ணீர் விழும் சத்தமும் அந்தப் புளித்த வாடையும் தவிர அங்கே வேறொன்றும் இல்லை.

பெஞ்சில் சிட்டு இல்லை.

"சேர்ந்தாச்சும்மா!"

மரத்தோடு கன்னத்தை ஒட்டிக்கொண்டு சிட்டு நின்றாள். தனியாக. இரண்டு கைகளையும் விரித்து. இரண்டு உள்ளங்கைகளும் எதையோ பற்றி மூடியிருந்தன.

"வாடி இங்க!"

"முடியாதும்மா. நீ இன்னும் சொல்லலல்ல? அவங்க பாவம், காலையிலருந்து பிடிச்சுட்டே நிக்கிறாங்க."

அவள் ஓடினாள். சிட்டு நகர்ந்தாள். காலை எடுத்து வைத்து அல்ல. மரத்தோடு தேய்ந்தபடி, பக்கவாட்டில், இழுபட்டு. கவுன், தோள், பின்னல். வளைவில் மறைந்தாள்.

அவள் சுற்றி ஓடினாள். பட்டை. மறுபடி சுற்றினாள். பட்டைதான். பூவில் வழுக்கி விழுந்து எழுந்தாள். மகளைக் கூப்பிட்டுக் கத்தினாள். மரம் தோல் போல வழவழப்பாக நனைந்திருந்தது. எங்கும் ஒரு பிளவுகூட இல்லை.

வேறு வழி தெரியவில்லை. மரத்தோடு மார்பை ஒட்டினாள். இரண்டு கைகளையும் எட்டினமட்டும் விரித்தாள்.

இடது கையை ஒரு கை பிடித்தது. சில்லென்று.

வலது கையையும் பிடித்தது ஒரு கை. சின்னது. வெதுவெதுப்பாக. கட்டைவிரலில் பிளாஸ்திரி.

"சிட்டு! விடாதடி. அம்மா பிடிச்சிருக்கேன்."

இழுத்தாள். வரவில்லை. மரத்துக்குள்ளிருந்தா, அந்தப் பக்கத்திலிருந்தா தெரியவில்லை, பல குரல்கள் ஒன்றாகச் சிரித்தன. சிட்டுவின் சிரிப்பும் அதில் இருந்தது.

ஆட்டம். சொல்லாமல் முடியாது. சொல்லிவிட்டால் விட்டுவிடுவார்கள். பைத்தியக்காரி, காலையிலேயே சொல்லியிருக்கலாமே!

"விடலாம்!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். "எல்லாரும் விடலாம்!"

சிரிப்பு நின்றது.

விதி தவறாத அந்தச் சின்னக் கை, ஒவ்வொரு விரலாக, அவள் கையை விட்டது.

சில்லென்ற கை விடவில்லை.