இரண்டு காலிலும் செருப்பு

"அந்த நாற்காலியை எடுக்கச் சொன்னேனா இல்லையா?"

"எந்த நாற்காலி? கண்ணைத் திறந்து பாரு துல்லியோ. இந்த அறையில உட்கார ஒரு முக்காலிகூட இல்ல!"

"என் கேமராவுக்குத் தெரியுது, உனக்குத் தெரியலையா?"

"உன் பொண்டாட்டி பெட்டியைக் கட்டிக்கிட்டுப் போனது உன் கேமராவுக்குத் தெரிஞ்சுதா? பெரிசா பேச வந்துட்டான்!"

மந்தோவா நகரத்து வெர்மிலியோ மாளிகையின் மேல்மாடியில் இப்படி ஒருவர் குடுமியை ஒருவர் பிடிக்காத குறையாகக் கத்திக்கொண்டிருந்தவர்கள், மறுநாள் ஒரு கல்யாணத்தைச் சேர்ந்து நடத்தவேண்டியவர்கள். ஒர்நெல்லா, இத்தாலிக்கு வந்துதான் திருமணம் செய்துகொள்ளவேண்டும் என்று துடிக்கும் வெளிநாட்டு ஜோடிகளுக்கு மாளிகையிலிருந்து மலர்க்கொத்து வரை ஏற்பாடு செய்து தருபவள். துல்லியோ படம் எடுப்பவன். ஒரு காலத்தில் அவளைக் கேட்டுப் பார்த்து, 'மாட்டேன்' என்ற பதிலை வாங்கிக்கொண்டு போனவனும் அவன்தான். அவனுக்கு முன்னால் மருந்துக்கடைக்காரர், அவனுக்குப் பின்னால் ஒரு பல் டாக்டர். எல்லோருக்கும் அதே பதில். ஊரில் இதைப் பற்றிப் பேசாத காப்பிக்கடை கிடையாது. ஊர்ப் பெண்களுக்கெல்லாம் முகத்திரை குத்திவிடுகிறவளுக்கு அப்படி என்ன வீம்பு என்பார்கள். வீம்பெல்லாம் ஒன்றுமில்லை. தன் கட்டிலில் குறுக்கே கைகாலை விரித்துப் படுத்துத் தூங்குகிற சுகத்துக்கு ஈடாக எந்த ஆண்பிள்ளையும் தனக்கு எதையும் தந்துவிட முடியாது என்று அவள் உறுதியாக நம்பினாள். அவளுக்கு இருந்த சொத்து அந்தத் தனிமைதான். அதை யாரும் தொட அவள் விட்டதில்லை.

துல்லியோ கேமராவின் திரையை அவள் மூக்குக்கு நேரே நீட்டினான். சற்றுமுன் எடுத்த காலி அறையின் படம். எதிர்ச்சுவரில் தரையிலிருந்து உத்தரம் வரை நிற்கும் நிலைக்கண்ணாடி. கண்ணாடிக்குள் சன்னல், சன்னலோரம் உயர்ந்த முதுகுள்ள ஒரு சிவப்பு நாற்காலி. ஒர்நெல்லா திரும்பிச் சன்னலோரத்தைப் பார்த்தாள். மெழுகு பூசிய வெறும் தரை.

"பக்கத்து அறை நாற்காலியா இருக்கும். எதிரொளிச்சு விழுந்திருக்கும்" என்றாள்.

பக்கத்து அறையின் கதவு சாத்தியிருந்தது. அது அவளுக்குத் தெரியும். இருந்தும் அப்படித்தான் சொன்னாள். நாளைக்கு மணமேடை ஏறப்போகும் டெஸ்ஸா என்ற ஆஸ்திரேலியப் பெண், அடிலெய்டில் உட்கார்ந்துகொண்டு போனில் இந்தக் கண்ணாடியின் படத்தைப் பார்த்துத்தான் இந்த ஊரையே தேர்ந்தெடுத்திருந்தாள். இதன் முன் நின்று ஒரு படம், அதுதான் அவளுக்குக் கல்யாணம். கணவனாகப் போகும் காலம் என்பவனையும் இரு வீட்டுச் சொந்தக்காரர்களையும் கூட்டிக்கொண்டு இப்போது கடைத்தெருவில் பரங்கிக்காய் அடைத்த தோர்த்தெல்லி தின்றுகொண்டிருப்பாள்.

ஆனால் அறையில் வெளிச்சம் இல்லை. மத்தியானமே ஊரைச் சுற்றியுள்ள ஏரிகளிலிருந்து எழுந்த மூடுபனி தெருவைத் தின்று, எதிர்வீட்டுக் கூரையைத் தின்று, இப்போது சன்னல் கண்ணாடியை ஈர நாக்கால் நக்கிக்கொண்டிருந்தது. வெள்ளை உடுத்திய ஆளை நிறுத்திப் பார்க்காமல் வெளிச்சத்தைக் கணிக்க முடியாது என்றான் துல்லியோ. அதற்கென்றே பையில் ஒரு பழைய வெள்ளை கவுன், முகத்திரை, கையுறை, குதிகால் உயர்ந்த செருப்பு எல்லாம் வைத்திருப்பான். வழக்கமாக அதை மாட்டிக்கொண்டு நிற்கும் உதவியாளர் இவானா காய்ச்சலில் படுத்திருந்தாள்.

"நீ போட்டுக்கிட்டு ரெண்டு நிமிஷம் நில்லேன். டெஸ்ஸா உயரந்தான் நீயும்."

"இந்த ஆசை உனக்கு இன்னும் போகலையா?"

"ஐயோ தாயே, நாளைக்கு அந்தப் பொண்ணு மூஞ்சி படத்துல கரிக்கட்டை மாதிரி விழுந்தா ஊரெல்லாம் உன்னைத்தான் காறித் துப்பும்."

அது உறைத்தது. முணுமுணுத்துக்கொண்டே சாத்திய கதவுக்குப் பின்னால் போய் மாற்றிக்கொண்டு வந்தாள். அந்தப் பக்கத்து அறையில் நாற்காலி எதுவும் இல்லை என்பதையும் அப்போதே பார்த்துவிட்டாள். சொல்லவில்லை.

மந்தோவாப் பெண்கள் ஒன்றை மட்டும் மறக்கமாட்டார்கள். கல்யாண உடுப்பில் முழுசாகக் கண்ணாடி பார்க்கமாட்டார்கள். ஒரு செருப்பையாவது கழற்றிப் போட்டுவிட்டுத்தான் பார்ப்பார்கள். ஏன் என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது. வெளிநாட்டுப் பெண்களிடம்கூட, 'கவுன் நல்லா விழும்' என்று எதையாவது சொல்லி ஒரு செருப்பை ஒர்நெல்லா கழற்ற வைத்துவிடுவாள். அப்படிப்பட்டவள் அன்றைக்கு இரண்டு காலிலும் செருப்பு, இரண்டு கையிலும் உறை, தலையிலிருந்து தரை வரை முகத்திரை என்று குறையில்லாமல் போய்க் கண்ணாடியின் முன் நின்றாள். தான்தான் மணப்பெண் இல்லையே என்ற நினைப்பு.

கேமரா சொடுக்கியது.

கீழே சமையலறையிலிருந்து பரங்கிக்காய் வேகும் மணம் மரப்படி வழியாக ஏறி வந்து, தரை மெழுகின் வாடையோடு கலந்து, அதற்குள்ளிருந்து இன்னொரு மணமும் மெல்லத் தலைகாட்டுவதுபோல இருந்தது: நெடுநாள் பெட்டியில் கிடந்த கம்பளிக் கோட்டின் வாடை, அதன்மேல் யாரோ அவசரமாகத் தடவிக்கொண்ட ஊதாப்பூத் தைலம், இரண்டுக்கும் அடியில் ஈரமண். எங்கோ பலகை கிறீச்சிட்டது. யாரோ உட்கார்ந்த இடத்தில் சற்று நகர்ந்து உட்கார்வதுபோன்ற சத்தம்.

சொடுக்கு. மறுபடி சொடுக்கு.

துல்லியோ கேமராவை இறக்கித் திரையையே உற்றுப் பார்த்தான்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல."

"காட்டு."

"வேண்டாம் ஒர்நெல்லா. வெளிச்சம் போதும். கழற்றிடு, கிளம்பலாம்."

அவள் எட்டிப் பிடுங்கினாள். முதல் படத்தில் கண்ணாடிக்குள் வெள்ளையாக அவள், பின்னால் நாற்காலி. இரண்டாவதில் நாற்காலியின் முதுகில் ஒரு கறுப்புக் கோட்டு. மூன்றாவதில் கோட்டு இல்லை. அதைப் போட்டுக்கொண்டு ஒருவன் உட்கார்ந்திருந்தான். முழங்கால்களின் மேல் வெள்ளைக் கையுறைகள் ஒழுங்காகப் படிந்திருந்தன. முகம் இருக்கவேண்டிய இடத்தில் மூடுபனி. கல்யாணத்தன்று மாப்பிள்ளைகள் எப்படி உட்கார்ந்திருப்பார்கள் என்று ஒர்நெல்லாவுக்குத் தெரியாதா என்ன? கூப்பிடுவதற்காகக் காத்திருக்கிறவன் உட்காரும் விதம் அது.

கதவு திறந்தது. மாளிகையைப் பார்த்துக்கொள்ளும் எர்சீலியா காப்பித் தட்டோடு நின்றாள். இந்தக் கண்ணாடியைத் தினமும் படுக்கை விரிப்பால் மூடி வைக்கிறவள். இந்த இருவரும் வந்ததும் விரிப்பை உருவி மூலையில் எறிந்ததற்காகக் காலையிலிருந்து முறைத்துக்கொண்டிருந்தவள். அவள் ஒர்நெல்லாவின் முகத்தைப் பார்க்கவில்லை. காலைத்தான் பார்த்தாள்.

"ரெண்டு காலிலேயுமா?" என்றாள் மெதுவாக. "உனக்குக்கூடவா இதைச் சொல்லித்தரணும், பொண்ணே?"

ஒர்நெல்லா சடாரென்று வலது செருப்பை உதறினாள். அது உருண்டுபோய்ச் சுவரில் மோதியது. உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது. குளிர்ந்த தரை பாதத்தில் பட்டது.

கண்ணாடிக்குள் இருந்தவள் சாயவில்லை.

நேராக நின்றாள். அதே உயரம். இரண்டு காலிலும் செருப்பு.

"சிஞ்ஞோரா எர்சீலியா" என்றாள் ஒர்நெல்லா. "அது நான் இல்ல. பாருங்க. அது நான் இல்ல."

கண்ணாடிக்குள் முகத்திரை மெல்ல அசைந்தது. இங்கே காற்றில்லை. அங்கே அவள் தலை பக்கவாட்டில் திரும்பியது. நாற்காலி காலியாக இருந்தது. நாற்காலிக்கு இப்பால், அவள் தோளுக்குப் பக்கத்தில், கறுப்பாக ஒரு முழங்கை. அழைக்கும் விதத்தில் மடங்கிய முழங்கை.

கண்ணாடிக்குள் இருந்தவள் கையை எடுத்து அதன்மேல் வைத்தாள்.

இங்கே ஒர்நெல்லாவின் கை தானாக உயர்ந்தது. வெறும் காற்றில் நின்றது. காற்று அல்ல. கம்பளி. ஈரமான, முரட்டுக் கம்பளி. உள்ளே எலும்பு.

மாட்டேன். மூன்று பேரிடம் எத்தனை சுலபமாக வந்த சொல். இப்போது உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

துல்லியோ ஓடிவிட்டான். ஆள் கூப்பிடத்தான் ஓடினேன் என்று இன்றைக்கும் சாதிக்கிறான். எர்சீலியா மூலையில் கிடந்த விரிப்பை வாரிக் கண்ணாடியின் மேல் வீசினாள். துணி விழுந்தது. தட்டையான கண்ணாடியின் மேல் தட்டையாக விழவில்லை. அருகருகே இரண்டு தலைகளின் மேல் விழுந்ததுபோல விழுந்து, தோள்களில் வழிந்து, நின்றது.

மறுநாள் கல்யாணம் நடந்தது. விரிப்பு விழுந்ததும் கை விடுபட்ட ஒர்நெல்லா, அந்த அறையைப் பூட்டிச் சாவியை ஏரியில் எறிந்திருந்தாள். டெஸ்ஸா அழுதாள், கெஞ்சினாள், மாப்பிள்ளை காலம் வக்கீலைப் பற்றிப் பேசினான். ஒர்நெல்லா அசையவில்லை. "என் பிணத்தைத் தாண்டித்தான் அந்தக் கண்ணாடிக்குப் போகணும்" என்றாள். அவள் சொந்த இஷ்டத்தில் பேசிய கடைசிப் பேச்சு அதுவாகத்தான் இருக்கவேண்டும். கீழ்க்கூடத்தில், மூவர்ணப் பட்டை அணிந்து கல்யாணத்தைப் பதிவுசெய்ய வந்த நகராட்சிக்காரர் மணப்பெண்ணைப் பார்த்துச் சம்மதமா என்று கேட்டார். டெஸ்ஸா வாயைத் திறப்பதற்குள், கடைசி வரிசையிலிருந்து கணீரென்று ஒரு குரல், "சம்மதம்" என்றது.

கூடமே திரும்பி ஒர்நெல்லாவைப் பார்த்துச் சிரித்தது. அவளும் சிரித்தாள். தன் வாய் சிரிப்பதை அவளால் உணர முடிந்தது. நிறுத்தத்தான் முடியவில்லை.

அப்புறம் என்ன? டெஸ்ஸாவும் காலமும் அடிலெய்டில் இரட்டைக் குழந்தைகளோடு நன்றாக இருக்கிறார்கள். துல்லியோ கடையைக் காலி செய்துகொண்டு, மூடுபனியே எட்டிப் பார்க்காத தெற்கே பாரி நகரத்துப் பக்கம் போய்விட்டான். அங்கே மீன்கடைக்காரியைக் கட்டிக்கொண்டு, சாப்பாட்டுத் தட்டுகளை மட்டும் படம் எடுக்கிறான். எர்சீலியா பிரெஷியாவில் மகன் வீட்டோடு. ஒர்நெல்லா தன் வீட்டை விட்டுவிட்டு வெர்மிலியோ மாளிகையின் மேல்மாடிக்கே குடிபோய்விட்டாள். யாரையோ ரகசியமாகக் கட்டிக்கொண்டாள் என்கிறார்கள். ஆள் வெளியே தலைகாட்டுவதில்லை, பெரிய இடமாம். கடைசியில் வீம்பு இறங்கிற்றே என்று காப்பிக்கடையில் ஒரே சிரிப்பு.

இதெல்லாம் கீழ்த்தெருவிலிருந்து ஒர்நெல்லாவின் காதில் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. யாராவது நின்று நலம் விசாரித்தால், "வாங்களேன், அவர் வீட்டிலதான் இருக்கார்" என்கிறது அவள் வாய். கண்கள் மட்டும் கேட்டவரின் முகத்தை விட்டு நகர்வதில்லை.

யாரும் மேலே ஏறி வந்ததில்லை. வந்தால் பார்க்கலாம். அகலமான கட்டிலில், விளிம்பிலிருந்து விழுந்துவிடாத குறையாக, ஒரு ஓரமாக ஒடுங்கி மல்லாந்து படுத்திருக்கிறாள் அவள். கண் திறந்திருக்கிறது. பக்கத்தில் யாரும் இல்லை. மெத்தை மட்டும் ஆள் நீளத்துக்கு அமுங்கியிருக்கிறது. அந்தப் பள்ளம் மெதுவாக, பலகை கிறீச்சிட, அவள் பக்கம் புரள்கிறது.