அந்தப் பக்கச் சக்கரம்

மதியம் இரண்டு மணிக்கு அந்த வண்டி பட்டறைக்கு வந்தது. மலையூரான மானேபஞ்ஜாங்கின் கடைவீதி முழுக்க மூடுபனி. எதிர்க்கடையில் மோமோ வேகும் சத்தம் கேட்டது, கடை தெரியவில்லை. முதலில் இரண்டு விளக்குகள் உள்ளே நுழைந்தன. அப்புறம்தான் அவற்றுக்குப் பின்னால் ஒரு வண்டி இருப்பது புரிந்தது.

ஸ்ரிஜனா ராய் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தாள். பதினெட்டு நாளைக்கு முன்னால் இதே வண்டியின் அடியில் நசுங்கித்தான் அதன் டிரைவர் நிகில் பர்மன் செத்தான்.

வண்டியின் ஓனர் லாக்பா ஷெர்பா இறங்கி, கைகளை ஊதிக்கொண்டே அடுப்போரம் போய் நின்றார்.

"பைனி, ஹேண்ட்பிரேக்கைக் கொஞ்சம் பாத்துக் குடு."

"வேற பட்டறையே கெடைக்கலையா தாஜு?" பைனி என்று அவர் தங்கையாக்கினால், தாஜு என்று இவளும் அண்ணனாக்கித்தான் ஆக வேண்டும்.

"எவனும் தொட மாட்டேங்கறான். பேய் வண்டியாம். நீ படிச்ச பொண்ணு, இதுக்கெல்லாம் பயப்படுவியா என்ன?"

"நான் இறுக்கின பிரேக் வழுக்கித்தான் அவன் செத்தான்னு ஜீப் ஸ்டாண்டு பூரா சொல்லிட்டு, வேலைக்கும் எங்கிட்டயே வர்றீங்க. வெக்கமா இல்ல?"

"கோவப்படாத. நாலு மணிக்கு டிரைவர் சங்கக் கூட்டம். நீ இதை முடிச்சுக் குடு, நான் அங்க உனக்கு ஏத்த மாதிரி பேசுறேன்."

இனி ஸ்டாண்டு வண்டிகள் இந்தப் பட்டறைக்கு வரலாமா கூடாதா என்று முடிவெடுக்கத்தான் அந்தக் கூட்டம். தேயிலை பறிக்கிற வீட்டிலிருந்து முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போய், படித்து முடித்து அவள் திறந்த பட்டறை. காலேஜ் மெக்கானிக் என்று கேலி பேசியவர்களே இரண்டு வருடமாக வரிசையில் நிற்கிறார்கள். எல்லாம் இன்னும் இரண்டு மணி நேரத்தில் போய்விடும். ஆனால் அவளை அரித்தது அது மட்டுமல்ல. நிஜமாகவே தன் பிரேக்தான் வழுக்கியதா? பதினெட்டு நாளாக அவளுக்கே தெரியவில்லை.

வேலையில் இறங்கினாள். முன்சக்கரங்களுக்குக் கல் வைத்தாள். பின்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, இரண்டு பின்சக்கரமும் அந்தரத்தில் நிற்கும்படி முட்டுக் கொடுத்தாள். அடியில் படுத்துப் பார்த்தாள். கியர் பெட்டியிலிருந்து எண்ணெய் கசிந்து பிரேக் கட்டையை நனைத்திருக்கும் என்று நினைத்திருந்தாள். கட்டை உலர்ந்திருந்தது. திருகாணி, கம்பி, ஊசி எல்லாம் அவள் வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்தன. லீவரை இழுத்தாள். மூன்றாவது பல்லில் கவ்வியது.

வெள்ளைக்காரன் விட்டுப்போன இந்தப் பழைய வண்டிகளில் ஹேண்ட்பிரேக், மற்ற வண்டிகளைப் போல, சக்கரத்தைப் பிடிக்காது. எஞ்சின் பலத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் நடுத் தண்டைத்தான் பிடிக்கும். நான்கு சக்கரமும் தரையில் இருந்தால் மலை மாதிரி நிற்கும். ஒரே ஒரு பின்சக்கரத்தைத் தூக்கினால், தூக்கிய சக்கரம் ஒரு பக்கம் சுற்ற, தரையிலிருக்கும் சக்கரம் மறுபக்கம் உருண்டுவிடும். தண்டு அசையாது, வண்டி போய்விடும். அதனால் பஞ்சர் என்றால் இங்கே யாரும் முதலில் ஜாக்கியைத் தொட மாட்டார்கள், கல்லைத்தான் தேடுவார்கள். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. ஊரில் பிறந்தாலே தெரிந்திருக்கும்.

நிகில் சமவெளிக்காரன். சரிவில், கல் வைக்காமல், ஒற்றைச் சக்கரத்தைத் தூக்கியிருந்தான்.

பிரேக் தாங்குகிறதா என்று கடைசியாகப் பார்க்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஒரு சக்கரத்தைப் பிடித்துக்கொண்டால்தான் மற்றவர் தள்ளும் பலம் தண்டுக்குப் போகும்.

"தாஜு, அந்தப் பக்கச் சக்கரத்தைக் கெட்டியாப் பிடிங்க."

இடது சக்கரத்தின் முன் மண்டியிட்டு இரண்டு கையாலும் தள்ளினாள். முதலில் லேசாகச் சுற்றியது. பிறகு நின்றது. அந்தப் பக்கம் பிடித்துவிட்டார்.

தோள் கொடுத்துத் தள்ளினாள். அசையவில்லை. எழுந்து, ஒரு காலைச் சுவரில் ஊன்றித் தள்ளினாள். நூல் அளவுகூட அசையவில்லை. பதினெட்டு நாள் நெஞ்சில் கிடந்த பாரம் சட்டென்று இறங்கியது. கண் கலங்கியது, கூடவே கோபமும் வந்தது.

"பாத்தீங்களா? இதுவா வழுக்குற பிரேக்? ஒத்தச் சக்கரத்தைத் தூக்கினா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியாதா? தெரிஞ்சுமா என்மேல பழி போட்டீங்க?"

அந்தப் பக்கத்திலிருந்து புளித்த, ஈரமான ஒரு வாசனை வந்தது. மண்ணில் புதைத்து ஊறவைத்த பாக்கின் வாசனை. இந்த உயரத்தில் அதை யாரும் மெல்லுவதில்லை. சமவெளிக்காரர்கள்தான் மெல்லுவார்கள்.

"யாரைத் திட்டுற பைனி?"

குரல் அவள் முதுகுக்குப் பின்னால், அடுப்போரத்திலிருந்து வந்தது.

அவள் திரும்பினாள். லாக்பா அடுப்போரம் அப்படியே நின்றிருந்தார். கையில் தேநீர்க் கோப்பை.

"நீங்க... பிடிக்கலையா?"

"டீ குடிச்சிட்டு வரலாம்னு பாத்தேன்."

அவள் மெல்லக் குனிந்து அச்சுக்கு அடியில் பார்த்தாள்.

அந்தப் பக்கம் கால்கள் இல்லை.

சக்கரத்திலிருந்து அவள் இன்னும் கையை எடுத்திருக்கவில்லை. இப்போது அது அவள் உள்ளங்கையை எதிர்த்து, பொறுமையாக, ஒரு விரல் அகலம் திரும்பியது.

"தாஜு. இங்க வாங்க."

"என்ன?"

"இதைத் தொடுங்க."

அவர் சலித்துக்கொண்டே வந்து கை வைத்தார். தள்ளினார். முகம் வெளுத்தது. கோப்பை விழுந்து உடைந்ததை அவர் கவனிக்கவேயில்லை.

"யாரு அந்தப் பக்கம்?" என்று கிசுகிசுத்தார்.

"நீங்களே கேளுங்க."

"விளையாடாத பைனி. கை... கை எடுக்க வரல."

"கேளுங்க தாஜு."

அவர் சக்கரத்தின் பக்கம் குனிந்தார். "நிகிலு... நான்தான்டா. டூரிஸ்ட் கத்துறாங்க, கல்லெல்லாம் தேடாத, சீக்கிரம் மாத்துன்னு நான்தான் சொன்னேன். பிரேக் நல்லாத்தான் இருந்துச்சு. தப்பு என்னுதுடா."

சக்கரம் தளர்ந்தது. தானாக அரைச் சுற்று சுற்றி நின்றது.

நான்கு மணிக்கு லாக்பா அதையே கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னார், யார் முகத்தையும் பார்க்காமல். யாரோ ஸ்ரிஜனாவுக்குத் தேநீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். "நீ எதாவது சொல்லணுமா?" என்று தலைவர் கேட்டார். அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

மறுநாள் காலை பத்து மணி. பனி விலகி நல்ல வெயில். நிமா தாமாங்கின் வண்டி, அதே வகைப் பழசு, பிரேக் இறுக்க வந்திருந்தது. பின்பக்கத்தைத் தூக்கி முட்டுக் கொடுத்து, லீவரை இழுத்துவிட்டு, இடது சக்கரத்தைச் சும்மா சுற்றிப் பார்த்தாள். பட்டறையில் அவளைத் தவிர ஆளில்லை.

சக்கரம் நின்றது.

ஊறவைத்த பாக்கின் வாசனை.

அவளுக்கு உடனே புரிந்தது. லாக்பாவிடம் கேட்க வேண்டியதை அவன் நேற்றே கேட்டு முடித்துவிட்டான்.

சாவதற்கு முந்தின நாள், அவள் வண்டிக்கு அடியில் படுத்துத் திருகாணியை இறுக்கிக்கொண்டிருந்தபோது, நிகில் குனிந்து, அக்கா முறை வைத்து, ஒரு கேள்வி கேட்டான். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கூட்டத்திலும் சொல்லவில்லை.

"தீதீ, இந்த பிரேக்கும் எங்க ஊரு வண்டி மாதிரிதானே?"

காலையிலிருந்து ஆறாவது வண்டி அது. அவள் முகத்தைக்கூடத் திருப்பவில்லை.

"எல்லாம் அதேதான். போ, வெளிச்சத்தை மறைக்காத."

ஸ்ரிஜனா வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. கையை எடுக்கப் பார்த்தாள், அதுவும் வரவில்லை.

அந்தப் பக்கம் அவசரமே இல்லாமல் பிடித்துக்கொண்டிருந்தது.