விமானச்சாமியின் மீசை

பொட்டிப்புரத்துக்கு மேற்கே எங்கள் ஊரில் ஒரு சாமி இருக்கிறது. போன திருவிழா வரை அதன் மீசை வருடத்துக்கு நாலு விரல்கடை வளர்ந்தது. நான் பொய் சொல்வதில்லை. வர்ணம் பூசும் அஜய்குமார் ஒவ்வொரு திருவிழாவுக்கும் அதை நீட்டிவிடுவான். கடைசியில் காலைதோறும் மூன்று மைனாக்கள் அதில் உட்கார்ந்து ஊர்ச்செய்தி பேசின.

சாமியின் பெயர் சுருளியாண்டி. இரண்டாம் உலகப் போரில், குண்டு வீசும் விமானத்தில் போனவர் பர்மாப் பக்கம் விழுந்து இறந்துபோனார். உடல் வரவில்லை. ஒரு தகரப்பெட்டி மட்டும் வந்தது. ஊர் அவருக்குச் சிலை வைத்து விமானச்சாமி என்று கும்பிட்டது. கையில் அரிவாள், உருட்டும் கண், படையலில் சுருட்டு. பிள்ளைகள் அந்த இடத்தை ஓடித்தான் கடப்பார்கள்.

பெட்டி யுவராணி வீட்டில் இருந்தது. சுருளியாண்டி அவளுடைய கொள்ளுத்தாத்தாவின் தம்பி. திருவிழாவில் பெட்டியைத் துடைத்து, பொட்டு வைத்து, சிலைக்கு முன்னால் வைப்பார்கள். சாமி கோபிக்கும் என்று யாரும் திறந்ததில்லை.

இந்த வருடம் துடைக்கும் வேலை, ஆறாம் வகுப்புப் படிக்கும் யுவராணிக்கு வந்தது. துடைத்தபோது துருப்பிடித்த தாழ்ப்பாள் கையோடு வந்துவிட்டது. அவள் பெட்டியை மூடியிருக்கலாம். மூடவில்லை.

உள்ளே ஒரு புகைப்படம். ஒல்லிப் பையன், விடைத்த காது, மீசையே இல்லை. கூடவே, அஞ்சலில் சேர்க்காத ஒரு கடிதம்.

‘அம்மா, எனக்கு மீசை முளைக்கவில்லை என்று எல்லாரும் கேலி செய்கிறார்கள். பக்கத்துக் கட்டில்காரரின் சுருட்டுப் புகையில் தலை வலிக்கிறது. மேலே பறக்கும்போது பயமாக இருக்கிறது. இதை யாரிடமும் சொல்லாதே. லீவில் வரும்போது கருப்பட்டிப் பணியாரம் சுட்டு வை.’

யுவராணி கடிதத்தை இரண்டு முறை படித்தாள். இத்தனை நாளாக வேறு யாரையோ கும்பிட்டிருக்கிறோமே! கடிதத்தையும் படத்தையும் எடுத்துக்கொண்டு சிலைக்கு ஓடினாள்.

அங்கே அஜய்குமார் தூரிகையைக் கறுப்பில் முக்கிவிட்டான்.

“அண்ணே, நிறுத்துங்க! அவுகளுக்கு மீசையே கெடையாது!”

பூசாரி மலைச்சாமி முறைத்தார். “ஏத்தா, பெட்டியத் தொறந்தியா?”

“அதுவாத் தொறந்துக்கிருச்சு பெரியப்பா.”

“மீசை இல்லாட்டி சாமிக்கு எவன் பயப்படுவான்?”

“அவுக பயப்படச் சொல்லலையே. பணியாரம்தான் கேட்டிருக்காக.”

யுவராணி எல்லாருக்கும் கேட்கும்படி கடிதத்தைப் படித்தாள். பயம் என்று எழுதிய வரியை மட்டும் விட்டுவிட்டாள். அவர்தான் சொல்லாதே என்றாரே. நானும் உங்களிடம் சொல்லவில்லை.

“சுருட்டு ஆகாதா? கட்டுக் கட்டா வச்சோமேய்யா!” என்று மலைச்சாமி தலையில் கை வைத்தார். பிறகு படத்தை வாங்கிப் பார்த்தார். “வயசு எத்தனையாம்?”

“பின்னாடி எழுதியிருக்கு. பத்தொம்பது.”

மலைச்சாமியின் மகன் விஜயபாண்டி பக்கத்தில் போன் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கும் பத்தொன்பதுதான். மலைச்சாமி அவனையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். துண்டை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

“ஏலே அஜய்குமாரு, பச்சப்புள்ளைக்கு எதுக்குடா மீசை? அழிச்சுரு. அருவாளையும் எடுத்துரு.”

“அருவா சிமெண்டுண்ணே.”

“அப்ப உளியக் கொண்டா!”

மீசையை அழிக்க ஏழு டின் தின்னர் ஆனது. வழிந்த கறுப்பில் இரண்டு எருமைகள் இன்னும் கறுத்துப்போயின.

மாலையில் யுவராணியின் அம்மா ராஜாத்தி சட்டி நிறையப் பணியாரத்தோடு வந்தாள். படைத்ததும் பிள்ளைகள் சிலையைச் சுற்றி உட்கார்ந்து தின்றார்கள். ஒருவரும் ஓடவில்லை.

இப்போதெல்லாம் பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் அங்கே நின்று, “அண்ணே, போயிட்டு வர்றோம்” என்கிறார்கள். “நல்லா எழுதுங்க” என்று அவர் பதில் சொன்னதை நானே இரண்டு முறை கேட்டேன்.