எண்ணாத மூச்சு

காலை ஏழு மணியிலிருந்து நின்றதில் சுஜிதாவின் கெண்டைக்கால் இரண்டும் கல்லாய் இறுகிப்போயிருந்தன. நர்சிங் இரண்டாம் வருஷம், கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் பயிற்சி. மணி இரண்டாகப் போகிறது. பட்டப்பகலிலேயே மூடுபனி இறங்கி ஜன்னலை அடைத்து, ஈரக் கம்பளியும் பினாயிலும் கலந்த வாடை வார்டில் தேங்கியிருக்க, சுவரில் சாய்ந்து போனில் கல்லூரிச் செயலியைத் திறந்தாள். கட்டில் ஏழு, எட்டு மணி மூச்சு: 24.

அவள் போட்டது 20.

ஏழாம் கட்டிலில் பேத்துப்பாறைக் கூலிக்காரி குப்பம்மாள் தலையோடு போர்த்திக் கிடந்தாள். மணிக்கு ஒருமுறை, ஒரு நிமிடம் முழுக்க நெஞ்சைப் பார்த்து மூச்சை எண்ணி ஏற்ற வேண்டும். எவள் எண்ணுகிறாள்? கட்டம் நிறைந்தால் செயலி பச்சை காட்டும். பச்சை குறைந்தால் பரீட்சை எழுத முடியாது. இதைக் கண்டுபிடித்த மேதாவிகளுக்கு நோயாளி ஒரு கட்டம், சுஜிதாவுக்கும் அவ்வளவுதான். எட்டிலிருந்து ஒன்று வரை ஆறு கட்டத்திலும், கம்பளியைத் தூக்காமலே, 20.

வத்தலக்குண்டு கல்லூரியிலிருந்து ஸ்டீவன் சார் கூப்பிட்டார். மின்விசிறிக்கடியில் உட்கார்ந்து மலைமேல் நெஞ்சுகளை மேய்க்கிற மனுஷன்.

"உன் வரிசை பூரா பச்சையா இருக்கும்மா. உன்னையப் பாத்துத்தான் மத்ததுக கத்துக்கணும்."

"சரிங்க சார்."

போனை இறக்கினாள். ஒன்பது மணி: 18.

"அல்மாஸ், என் போனை நோண்டுனியாடி?"

"எனக்கு வேற சோலி இல்ல பாரு." கூடப் படிக்கிறவள் எட்டிப் பார்த்தாள். "பதினெட்டா? பொய் எழுதுற எவளும் இருவதைத் தவிர வேற போட மாட்டாளே. இது நெசமா எண்ணுனதுடி." சிரித்தபடி மருந்து வாங்கப் போய்விட்டாள்.

சுஜிதா 20 என்று திருத்தினாள். விரலை எடுக்குமுன் 18. பத்து மணி, 11. பதினொன்று, 6. பன்னிரண்டு, 2.

ஒரு மணி, 0.

ஏழாம் கட்டிலுக்கு நடந்தாள். யாரும் இருமவில்லை. செருப்புச் சத்தம் மட்டும். கம்பளியைத் தூக்கினாள். வாய் திறந்திருந்தது. நெற்றி சில்லிட்டிருந்தது.

"ஆத்தா."

மூக்கருகே விரலை வைத்தாள்; காற்று வரவில்லை. நர்சைக் கூப்பிடத் திரும்பினாள். போன் அதிர்ந்தது. 'எண்ணத் தொடங்கவும்.'

செத்த நெஞ்சு ஏறியது. இறங்கியது.

"ஒண்ணு," என்றாள் சுஜிதா.

சில்லிட்ட விரல்கள் அவள் மணிக்கட்டைச் சுற்றின. இறுகின. எண்ணினாள். நிமிடம் முடிந்தபோது இருபத்து நாலு. எட்டு மணிக் கணக்கு தீர்ந்தது. பிடி தளரவில்லை. நெஞ்சு மறுபடி ஏறியது, கொஞ்சம் மெதுவாக.

குப்பம்மாளுக்கு இன்னும் ஐந்து நிமிடம் பாக்கி.