மூன்று நாள் சாவி

ராஜபாளையத்தில் சத்யப்பிரியாவின் துப்பறியும் அலுவலகத்துக்கு இசக்கியம்மாள் வந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. சுந்தரபாண்டியத்திலிருந்து பஸ் மாறி வந்திருந்தாள். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் தனியாக வாழ்ந்த தேவநேசன் என்ற ஓய்வுபெற்ற பேராசிரியரை நான்கு ஆண்டுகளாகப் பகலில் கவனித்துக்கொண்டவள் அவள். போன ஞாயிறு காலை அவர் மாடிப்படிக்குக் கீழே இறந்து கிடந்தார். இடுப்பும் வலது மணிக்கட்டும் முறிந்திருந்தன. சனி இரவு உயிர் போயிருக்கலாம் என்றது மருத்துவ அறிக்கை. வெள்ளியும் சனியும் இசக்கியம்மாள் வேலைக்கு வராததால்தான் அப்பா இறந்தார் என்று மகன் அலெக்ஸ் போலீசில் எழுதிக் கொடுத்திருந்தார்.

"வியாழக்கெழம அவருதான் போன் பண்ணி, ரெண்டு நாளைக்கு வராதிய, அப்பாவ ராஜபாளையத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்னாரு. இப்ப, மாத்திரை வாங்கச் சொல்லத்தான் பேசுனேங்காரு," என்றாள் இசக்கியம்மாள். "வேல போனாப் போகுது. அவியள நான் சாக விட்டுட்டேன்னு ஊரே சொல்லுது. அதத்தான் தாங்க முடியல."

சத்யப்பிரியாவின் உதவியாளர் பாலகணேஷ் எந்த வழக்கிலும் முதலில் கொலையைத் தேடுகிறவர். அலெக்ஸின் வாக்குமூலத்தை அவர் ஆர்வமாகப் படித்துக் காட்டினார். சனி மாலை ஆறு மணிக்கு அலெக்ஸ் போய்ப் பார்த்தபோது அப்பா நாற்காலியில் நன்றாகத்தான் உட்கார்ந்திருந்தாராம். வாட்சுக்குப் பேட்டரி மாற்ற வேண்டும், அடுத்த முறை வாங்கி வா என்றாராம்.

சத்யப்பிரியா நிமிர்ந்து, அது என்ன வாட்ச் என்று கேட்டார்.

சுவிட்சர்லாந்தில் கடிகார நிறுவனமொன்றில் வேலை பார்க்கும் மகள் ஜெனிலா, தன் கைப்படச் செய்து கிறிஸ்துமஸுக்குக் கொண்டுவந்த புது வாட்ச் அது என்றாள் இசக்கியம்மாள். காலை ஆறு மணிக்கு ஜெபம் முடிந்ததும், திருகு சுற்ற மறுக்கும்வரை அவர் அதற்குச் சாவி கொடுப்பார். முதல் நாள் ராத்திரியெல்லாம் காய்ச்சலடித்த அன்றும் தவறியதில்லை. அவள் வந்ததும் முதலில் அதைத்தான் காட்டுவாராம்.

மறுநாள் பிற்பகல் ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் எல்லோரும் கூடினார்கள். சப்-இன்ஸ்பெக்டர் ராம்குமார் முத்திரையிட்ட உறையிலிருந்து, இறந்தவரின் இடது கையில் இருந்த வாட்சை எடுத்து மேசைமேல் வைத்தார். அது எப்போதோ நின்றுபோயிருந்தது. அடக்கத்துக்கு வந்திருந்த ஜெனிலா அதைத் திருப்பினாள். பின்பக்கக் கண்ணாடி வழியே பற்சக்கரங்கள் தெரிந்தன. அவற்றைத் தாங்கும் தகடுகளின் விளிம்பை மரக்குச்சியால் தேய்த்து மெருகேற்ற மட்டும் தனக்கு மூன்று வாரமானது என்றாள். சாம்பல் நிற முகப்பின் ஓரத்தில், பிறை போன்ற கோட்டில் ஒரு சின்ன முள் இருந்தது. முழுச்சாவி கொடுத்தால் வாட்ச் எழுபத்திரண்டு மணி நேரம் ஓடும். இன்னும் எத்தனை மணி நேரம் ஓடும் என்று அந்த முள் காட்டும்.

ராம்குமார் ஞாயிறு காலை பத்து மணிக்கு எடுத்த படத்தைச் சத்யப்பிரியா எல்லோரும் பார்க்க வைத்தார். அதில் வாட்ச் சரியாகப் பத்து மணி காட்டியது. சின்ன முள் இருபதில் இருந்தது.

"அப்படின்னா கடைசிச் சாவிக்குப் பிறகு ஐம்பத்திரண்டு மணி நேரம் ஓடியிருக்கு. பின்னால எண்ணினா வெள்ளி காலை ஆறு மணி. சனி காலையில அவர் சாவி கொடுக்கல. அதுக்கு முன்னாலயே, வெள்ளி பகல்லயோ ராத்திரியிலயோ விழுந்துட்டார். வலது கை முறிஞ்சு கிடந்தவரால எப்படிக் கொடுக்க முடியும்?" என்று கேட்டார் சத்யப்பிரியா.

"அப்ப சனி சாயங்காலம் நாற்காலியில எப்படி உட்கார்ந்திருப்பார்? இவர்தான் தள்ளிவிட்டிருக்கார்," என்றார் பாலகணேஷ்.

சத்யப்பிரியா கையமர்த்தினார்.

"வயசானவர். ஒருநாள் மறந்திருக்கலாம்ல," என்றார் அலெக்ஸ்.

"மறந்திருக்கலாம். ஆனா இந்த வாட்ச்ல பேட்டரியே கிடையாது. தினமும் சாவி கொடுத்தவர் பேட்டரி கேட்டிருக்க மாட்டார். அதை ஒருநாளும் கையில வாங்கிப் பாக்காதவர்தான் அப்படிச் சொல்லுவார். சனிக்கிழமை நீங்க இங்க வரவே இல்லை," என்றார் சத்யப்பிரியா.

ஜெனிலா அண்ணனைப் பார்த்தாள். அவர் தலை தாழ்ந்திருந்தது.

பிறகு அவராகவே சொன்னார். அவர் மேலாளராக இருந்த மில்லில் வெள்ளிக்கிழமை இயந்திரம் பழுதானது. அப்பாவைச் சனிக்கிழமை அழைத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டார். சனி வந்ததும் ஞாயிறுக்குத் தள்ளினார். இசக்கியம்மாளிடம் சொல்லத் தோன்றவில்லை. சனி மதியம் போன் செய்தபோது அப்பா எடுக்கவில்லை. தூங்குகிறார் என்று நினைத்துக்கொண்டார். ராஜபாளையத்திலிருந்து அந்த வீட்டுக்கு அரை மணி நேரப் பயணம்தான். ஞாயிறு காலை வந்து கதவைத் திறந்ததும், யாராவது கேட்பார்களே என்ற பயத்தில் ஒரு பொய் வாயில் வந்தது. தள்ளிவிட்ட கை என்று எதுவும் இல்லை. விழுந்தது முதல் சனி இரவுவரை அப்பா உயிரோடு அங்கே கிடந்திருக்கிறார். பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது.

பாலகணேஷ் நோட்டை மூடினார். புகாரைத் திரும்பப் பெற்று உண்மையை எழுதித் தரும்படி ராம்குமார் சொன்னார். அலெக்ஸ் எழுந்து வாசலருகே நின்ற இசக்கியம்மாளிடம் போனார். மன்னித்துவிடும்படி கேட்டார்.

"எம்மேல தப்பில்லன்னு இனி ஊருக்குத் தெரியும். என்ன வர வேண்டாம்னு சொன்னது அவியளுக்குத் தெரியாதே," என்றாள் அவள். "அம்புட்டு நேரமும் என் பேரச் சொல்லித்தான் கூப்பிட்டிருப்பாவ. இவ வர்ற நேரம் தாண்டியும், கூப்பிட்டும் வரலன்னு நெனச்சே போயிருப்பாவ."

மழைக்குள் இறங்கி அவள் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தாள்.